அளவுகோலுக்கும் ஓர் அளவுகோல்

டெல்லி மாநகரின் தென்பகுதியில் முனிர்கா என்றோர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த சிற்றூராக இருந்த அது, இன்று ஒருபுறம் ராமகிருஷ்ணபுரமும் மறுபுறம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் நெருக்க, நடுவே அடுக்கு வீடுகளும் குறுகிய சந்துகளுமாக விளங்குகிறது. உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகத்தினின்று வந்து குடியேறியவர்கள் அங்குப் பலர். மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாமும் அவர்களைச் சேர்ந்தவரே.

மார்கழி பிறந்துவிட்டால் முனிர்காவின் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கவலை தலைகாட்டும். மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் காலையிலும் அரைத்தபடியே கிடக்கும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றுவோர் உண்டு. அடுப்பின் அருகே வைப்போர் உண்டு. பின்னர் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பர். விரல் நுனியில் தொட்டு நாவில் வைத்துப் பார்ப்பர். “இன்னும் புளிக்கவில்லை” என்று தீர்ப்புப் பிறக்கும். அந்தத் தீர்ப்பிற்கு மேல்முறையீடு கிடையாது.

நாவின் தீர்ப்பு வீட்டுக்குப் போதும். ஆயின் ஒரு வீட்டு நாவும் அடுத்த வீட்டு நாவும் ஒன்றே கூறுவதில்லை. மதுரையில் பழகிய நாக்கிற்குப் போதாத புளிப்பு, தஞ்சையில் பழகிய நாக்கிற்கு மிகையாகத் தோன்றும். மருந்து செய்பவனும், குடிநீர் வழங்கும் நகராட்சியும், நிலத்தைத் திருத்த முற்படும் உழவனும் நாவை நம்பியிருக்க இயலாது. அவர்களுக்கு எண் வேண்டும். அந்த எண்ணும் டெல்லியிலும் கோயம்புத்தூரிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய எண்ணை மனிதர் எவ்வாறு கண்டனர், அதனைக் கூறும் கருவியை எவ்வாறு பொய் சொல்லாமல் காத்து வருகின்றனர் என்பதே நாம் இங்குக் காணப்போகும் வரலாறு.

புளிப்புக்கும் காரத்தன்மைக்கும் நிறத்தின் வழியே அடையாளம் காண்பது பழைய வழக்கம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரிற் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அது செக்கச் சிவந்துவிடுவதை நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிவர். சுண்ணாம்பின் காரத்தன்மையே அந்தச் செம்மைக்குக் காரணம். இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் ஊதாப் பூவின் சாறு அமிலத்திற் சிவப்பாகவும் காரத்திற் பச்சையாகவும் மாறுவதை ஆராய்ந்து 1664-இல் நூலாக வெளியிட்டார். இவை யாவும் “அமிலம் உண்டா, இல்லையா?” என்ற வினாவிற்கு விடை தந்தன. “எவ்வளவு?” என்ற வினாவிற்குத் தெளிவான விடை இருபதாம் நூற்றாண்டில்தான் கிட்டியது.

அவ்விடை பிறந்த இடம் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரம். அங்குப் பீர் வடிக்கும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் தனக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை வைத்திருந்தது. அதன் இரசாயனப் பிரிவிற்குத் தலைவராக இருந்த சோரன்சென், நொதிப் பொருள்கள் எந்த அளவு புளிப்பில் நன்கு வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தார். கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவே முடிவான காரணம் என்று அவர் கண்டார். ஆனால் அச்செறிவை எழுதுவதற்குப் புள்ளிக்குப் பின் பல சுழிகள் வேண்டியிருந்தன. ஆதலின் மடக்கைக் கணக்கைப் பயன்படுத்தி 1909-ஆம் ஆண்டு ஓர் எளிய குறியீட்டை வகுத்தார். அதுவே பி.எச். எனப்படுவது. அதில் ‘எச்’ ஹைட்ரஜனைக் குறிக்கும். ‘பி’ எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அடுக்கு எண்ணைக் குறிக்கும் சொல் டேனிஷ், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் ‘பி’ என்ற எழுத்திலேயே தொடங்குவதால், எம்மொழியினரும் அதனைத் தம் சொல்லாகவே ஏற்றுக்கொண்டனர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இத்தகைய நற்பேறு அரிதாகவே வாய்க்கும்.

இக்குறியீட்டில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் மாறினாற் செறிவு பத்து மடங்கு மாறும். 6 என்பது 7-ஐ விடப் பத்து மடங்கு அமிலமானது. 5 என்பது நூறு மடங்கு. இதில் நாம் நினைவிற் கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. அளவு 0.3 மட்டும் பிழைத்தாற்கூட உண்மையான செறிவு இரு மடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும். பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் பிழை, விளைவிற் சிறியதன்று.

சோரன்சென் கையாண்ட முறை கடினமானது. பிளாட்டினத் தகட்டின்மீது ஹைட்ரஜன் வாயுவை இடைவிடாது செலுத்தி, எழும் மின்னழுத்தத்தை அளக்கவேண்டும். இதைவிட எளிய வழி ஒன்று அதற்குச் சற்று முன்பே தலைகாட்டியிருந்தது. மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் வெவ்வேறு அமிலத்தன்மையுள்ள கரைசல்கள் இருந்தால் மின்னழுத்தம் உண்டாகிறது என்பதை மாக்ஸ் கிரெமர் 1906-இற் கண்டிருந்தார். ஹாபர், கிளெமென்சீவிச் என்னும் இருவர் 1909-இல் அதனைக் கண்ணாடி மின்முனையாக வகுத்தனர். ஆயினும் கண்ணாடி எளிதில் மின்சாரத்தைக் கடத்துவதன்று. அக்காலத்து மின்னளவைக் கருவிகளால் அந்த நுண்ணிய மின்னோட்டத்தைச் சரிவர உணர இயலவில்லை. கண்டுபிடிப்பு கால் நூற்றாண்டு காலம் தக்க துணையின்றிக் காத்திருந்தது.

அத்துணையைத் தந்தது எலுமிச்சம்பழம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பழத்தோட்டக்காரர் கூட்டுறவு அமைப்பு ஒன்றில் கிளென் ஜோசப் என்ற இரசாயனர் பணியாற்றினார். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பது அவர் கடமை. சாறு கெடாதிருக்கக் கந்தக டையாக்சைடு கலந்திருந்தமையால் லிட்மஸ் தாளின் நிறம் வெளுத்துவிடும். ஹைட்ரஜன் மின்முனையும் கெட்டுவிடும். அவர் தம்முடன் பயின்ற ஆர்னால்டு பெக்மன் என்பாரை நாடினார். பெக்மன் 1934-இல் வெற்றிடக் குழல்களைக் கொண்டு அந்த நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டு அது 195 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. புளிப்பு மானி ஆய்வு மேசையின்மேல் ஒரு சிறு பெட்டியாக வந்து அமர்ந்த கதை இதுவே.

கருவி வந்துவிட்டது. அது கூறும் எண் மெய்யென்று எவ்வாறு அறிவது? இங்கேதான் வரலாற்றின் நுட்பமான பகுதி தொடங்குகிறது.

கண்ணாடிக் குமிழ் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. ஒரே குமிழும் நாளாக ஆக மாறிக்கொண்டே வரும். கருவி அறிவது மின்னழுத்தம் ஒன்றையே. இந்த மின்னழுத்தம் இந்த எண்ணுக்குரியது என்று நாம்தான் அதற்குக் கற்பிக்க வேண்டும். கற்பித்தாலும் அது விரைவில் மறந்துவிடும். ஆதலின் மீண்டும் மீண்டும் கற்பித்தாக வேண்டும். இச்செயலையே அளவுத்திருத்தம் என்கிறோம்.

கற்பிப்பதற்கு, எண் முன்னரே உறுதியான கரைசல்கள் வேண்டும். சிறிது அமிலமோ காரமோ கலந்தாலும் தம் நிலையினின்று எளிதில் மாறாத இவற்றைத் தாங்கல் கரைசல்கள் என்பர். அமெரிக்காவின் தேசிய அளவைக் கழகத்தில் ரோஜர் பேட்ஸ் முதலான அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து இத்தகைய கரைசல்களின் மதிப்பை வெவ்வேறு வெப்பநிலைகளுக்கு வரையறுத்தனர். 25 டிகிரி வெப்பத்தில் தாலேட் கரைசலின் எண் 4.01, பாஸ்பேட் கரைசலின் எண் 6.86, வெண்காரக் கரைசலின் எண் 9.18. உலகெங்கும் உள்ள மானிகளுக்கு இவை ஆசிரியர் போன்றவை.

செய்முறை எளிது. மின்முனையைத் தூய நீரால் அலசி முதலிற் பாஸ்பேட் கரைசலில் இறக்குவர். எண் அசையாமல் நின்றதும் 6.86 என்று பொருத்துவர். மீண்டும் அலசி, அளக்கவிருக்கும் பொருள் அமிலமாயின் தாலேட்டிலும், காரமாயின் வெண்காரத்திலும் இறக்கி, அதற்குரிய எண்ணைப் பொருத்துவர். முதற்படி தொடக்கத்தை நிலைநிறுத்துகிறது. இரண்டாம் படி ஏற்றத்தின் சரிவை நிலைநிறுத்துகிறது. ஒரே கரைசலோடு நிறுத்திக்கொள்பவன், தராசின் முள்ளை நேர்ப்படுத்திவிட்டு எடைக்கல்லைச் சோதிக்க மறந்தவனுக்கு ஒப்பாவான்.

வெப்பநிலையின் செயலையும் இங்கு மறக்கலாகாது. 25 டிகிரியில் ஓர் எண் மாறும்போது நல்ல மின்முனை 59.2 மில்லிவோல்ட் மாற்றம் காட்டும். 10 டிகிரியில் அது 56.2 ஆகவும், 40 டிகிரியில் 62.1 ஆகவும் இருக்கும். கருவியில் உள்ள வெப்பச் சீராக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துவிடும். ஆனாற் கரைசலே வெப்பத்தால் மாறுவதை அது சரிசெய்யாது. வெண்காரக் கரைசல் 10 டிகிரியில் 9.33 என்றும், 40 டிகிரியில் 9.07 என்றும் நிற்கும். தைக் குளிரும் வைகாசி வெயிலும் கண்ட டெல்லிவாசிகளுக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது. வெப்பமானியைப் பாராமல் எப்பருவத்திலும் 9.18 என்றே பொருத்துபவரின் மானி, பருவத்திற்கு ஒரு பொய் சொல்லும்.

நம் நாட்டிற்கு வருவோம். அளவைகளின் காவலிடமாக விளங்கும் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம், முனிர்காவினின்று சில கிலோமீட்டர் தொலைவில் பூசா பகுதியில் உள்ளது. அதற்குப் பண்டித நேரு 1947 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார். சர்தார் பட்டேல் 1950 ஜனவரியில் அதனைத் திறந்துவைத்தார். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பிற் பிறந்த நம் கே. எஸ். கிருஷ்ணன். ராமனோடு 1928-இல் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அப்பெருமகனார், 1961-இல் மறையும்வரை அந்நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தினார். புதிதாக விடுதலை பெற்ற நாடு அளவைகளைக் காக்கும் நிறுவனத்தை அத்துணை விரைவில் எழுப்பியது எண்ணத்தக்கது. சொந்த அளவுகோல் இல்லாத நாடு, தன் பொருளின் தரத்தைப் பிறர் சொல்லக் கேட்டே அறிய வேண்டியிருக்கும்.

அதே பூசா பகுதியிலுள்ள மற்றொரு நிறுவனம் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம். பீகாரின் பூசாவில் 1905-இல் தொடங்கப்பெற்ற அது, 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்திற் கட்டடம் சிதைந்தமையால் 1936-இல் டெல்லிக்கு மாற்றப்பட்டது. பழைய ஊரின் பெயரும் உடன் வந்துவிட்டது. தமிழகத்திலோ, சோரன்சென் தம் குறியீட்டை வகுத்த அதே 1909-இல், கோயம்புத்தூரில் எருவின் நீண்டகாலப் பயனை அறியும் நிரந்தரப் பரிசோதனை வயல் தொடங்கப்பெற்றது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் பிறந்தவை. பின்னர் மண் ஆராய்ச்சியில் ஒன்றுசேர்ந்தன.

மண்ணுக்கும் இக்கருவிக்கும் உள்ள உறவே நம் வரலாற்றின் உயிர்நிலை. கங்கைச் சமவெளியில் வெண்மை பூத்துப் பாழாய்க் கிடக்கும் நிலத்தை வடநாட்டு உழவர் ‘ஊசர்’ என்பர். நாம் ‘களர்’ என்போம். கல்லாதவருக்கு வள்ளுவர் உவமையாக்கியதும் இந்நிலமே. ஆனால் தமிழில் ‘உவர்’ என்ற மற்றொரு சொல்லும் உண்டு. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். வடிகால் அமைத்து நல்ல நீர் பாய்ச்சினால் அவை கரைந்து நீங்கும். களர் நிலத்தில் சோடியம் மண் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும். நீர் இறங்காது, வேர் மூச்சுவிடாது. ஜிப்சம் இட்டு, அதிலுள்ள கால்சியத்தால் சோடியத்தை வெளியேற்றிய பின்னரே நீர் பாய்ச்சுதல் பயன் தரும். இரண்டு நிலமும் கண்ணுக்கு ஒன்றுபோல் வெளுத்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தல் சோதனையோடு பி.எச். எண்ணும் இன்றியமையாதது.

டெல்லிக்கு வடக்கே கர்னால் நகரில் 1969-இல் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பி.எச். 10-ஐயும் கடந்த நிலங்களை ஜிப்சத்தால் திருத்தி நெல்லும் கோதுமையும் விளையச் செய்யும் முறையை அந்நிலையம் பரப்பியது. களருக்கு எல்லை எது? அமெரிக்க உவர்மண் ஆய்வுக்கூடம் 1954-இல் வெளியிட்ட கையேடு 8.5 என்று வகுத்தது. கர்னால் அறிஞர்கள் நம் மண்ணை ஆராய்ந்து 8.2 என்று கொண்டனர். இரண்டிற்கும் இடையே 0.3 தான் வேறுபாடு. வல்லுநர்கள் நெடுநாள் ஆராய்ந்து நகர்த்திய அந்த எல்லையை, திருத்தம் செய்யாத ஒரு மானி ஒரே காலைப் பொழுதில் நகர்த்திவிடும். கடுங்களரைத் திருத்த ஒரு ஹெக்டேருக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட ஜிப்சம் தேவைப்படுவதுண்டு. மானி உயர்த்திக் காட்டினால் உழவன் வேண்டாத செலவைச் சுமப்பான்; தாழ்த்திக் காட்டினால் வேண்டிய மருந்தை இடாமல் ஆண்டுகளை இழப்பான்.

இவ்வுண்மையை நாம் கற்றுக்கொண்டது ஒரு தவறின் வாயிலாக. சில ஆண்டுகளுக்கு முன் மண் பரிசோதனை பயில்வோருக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. கலைப் பட்டம் பெற்ற நமக்கு இரசாயனம் அயலானது. எனினும் அகராதிகளைத் துணைக்கொண்டு முடித்தோம். அச்சுக்கு அனுப்புமுன், முனிர்காவில் நம் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் இரசாயனர் ஒருவரிடம் கையெழுத்துப் படியைக் காட்டினோம். அவர் பொறுமையாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நீங்கள் எழுதியபடி செய்தால் மாதம் ஒரு மின்முனை வாங்க வேண்டியிருக்கும்” என்றார்.

இரண்டு பிழைகளைச் சுட்டினார். அலசிய பின் குமிழைத் ‘துடைக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தோம். “குழந்தையின் கண்ணில் நீர் கோத்தால் தாய் துடைப்பாளா, ஒற்றுவாளா?” என்று கேட்டார். குமிழின் புறத்தே நீர் ஊறிய மெல்லிய படலம் ஒன்று உண்டு. அமிலத்தன்மையை உணர்வது அதுவே. துணியால் தேய்த்தால் அப்படலத்திற்கு ஊறு நேரும். மின்னேற்றமும் தங்கி எண் தடுமாறும். மெல்லிய தாளால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். தமிழில் அதற்கென்றே ஒரு சொல் இருந்தும் நாம் அதைத் தேடவில்லை.

மற்றது இதனினும் பெரிய பிழை. மின்முனையை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று மட்டுமே மூலத்தில் இருந்தது. தெளிவுக்காக என்று எண்ணி, ‘காய்ச்சி வடித்த தூய நீரில்’ என்று நாமே சேர்த்துவிட்டோம். தூயது நல்லது என்ற எண்ணம் நம்மை ஏமாற்றிற்று. தூய நீரில் ஊறும் மின்முனையினின்று அதன் உப்புகள் வெளியேறிவிடும். பின்னர் அது மந்தமாகும், நிலைகொள்ளாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலிலேயே, பெரும்பாலும் லிட்டருக்கு 3 மோல் என்ற செறிவில், அதனை வைத்தல் வேண்டும். படி திருத்தப்பெற்ற பின்னரே அச்சேறியது. அந்த ஓர் அடைமொழி அப்படியே அச்சாகியிருப்பின், எத்தனை மேசைகளில் எத்தனை மானிகள் பிழைபட்டிருக்கும், எத்தனை உழவரின் மண் தவறாகத் தீர்ப்பளிக்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் நெஞ்சு துணுக்குறுகிறது.

அன்று அப்பெரியவர் கூறிய பராமரிப்பு விதிகளைச் சுருக்கித் தருகிறோம். மின்முனையின் உள்ளே நிரப்பிய உப்புக் கரைசல் குறைந்தால் உடனே நிரப்பவேண்டும். அளக்கும் சமயம் அதன் நிரப்புத் துளையைத் திறந்துவைக்க வேண்டும். டெல்லியின் கோடைக் காற்றில் கரைசல் விரைவில் வற்றி உப்புப் பூக்கும். அதனை நீரால் அலசி நீக்கலாம். பயன்படுத்திய தாங்கல் கரைசலை மீண்டும் புட்டியில் ஊற்றலாகாது. காரக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு எண் குறையும். ஆதலின் திறந்த புட்டியை நெடுநாள் வைத்திருத்தல் தவறு. திருத்தத்தின்போது சரிவு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்திற்கும் கீழே இறங்கினால், மின்முனையைத் தூய்மை செய்யவேண்டும். அதனாலும் பயனில்லையேல் மாற்றவேண்டும். எவ்வளவு பேணினாலும் கண்ணாடிக் குமிழுக்கு ஆயுள் உண்டு.

இன்றைய மின்னணு மானிகள் கரைசலைத் தாமே அடையாளம் கண்டு, தாமே பொருத்திக்கொள்கின்றன. இது பெரும் வசதியே. ஆயினும் கரைசல் கெட்டிருந்தால், அந்தக் கெட்ட கரைசலையே அவை மெய்யென ஏற்றுக்கொள்ளும். புட்டியின்மீது திறந்த தேதியை எழுதிவைக்கும் கை மனிதனுடைய கையாகவே இருக்கிறது.

2015-ஆம் ஆண்டு மண்வள அட்டைத் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. அந்த அட்டையில் இடம்பெறும் பன்னிரண்டு அளவுகளுள் பி.எச். ஒன்று. வெளிமாநிலத்தில் வாழும் நம்மிற் பலருக்கு ஊரில் காணி நிலமேனும் உண்டு. அண்ணனோ மாமனோ அதனைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த விடுமுறைக்குச் செல்லும்போது அந்த அட்டையை வாங்கிப் பார்ப்போமாக. அதிலுள்ள சிற்றெண்ணின் பின்னால் கோபன்ஹேகனும் கலிபோர்னியாவும் கர்னாலும் நிற்கின்றன. அவற்றோடு, அன்று காலையில் மின்முனையை அலசி, ஒற்றி, இரண்டு கரைசல்களில் இறக்கிப் பார்த்த, நாம் பெயரறியா ஓர் ஆய்வுக்கூட உதவியாளரும் நிற்கிறார். அவர் அதைச் செய்திருந்தால் அந்த எண் மெய். செய்தாரா என்று மண் பரிசோதனை நிலையத்தில் வினவுவதில் தவறில்லை. கடமையறிந்தவர் அவ்வினாவை மகிழ்வோடு வரவேற்பார்.